மூன்றாவது பிளக்

இந்த வழக்கில் குற்றவாளி யார் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்தான்.

துப்பறிகிறவர் என் அண்ணி. நான் அவருடைய உதவியாளன். காலையில் குழாய் வேலை, மதியத்துக்கு மேல் துப்பறியும் வேலை. அண்ணி இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வழக்குகளைத் துருவியவர். பொய் சொல்ல வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் செருப்பைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர், ஒரு டீசல் காரின் குளோ பிளக்கை உடைத்தது யார் என்று நான்கு நாட்களாகத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் வெட்கப்படுவது வேறு, வாயைத் திறப்பது வேறு.

நடந்தது இதுதான். எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சர் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போனார். போகும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்து, “தம்பி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க, பேட்டரி இறங்கிடும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். காலைக் குளிரில் வண்டி இருமி இருமி வெள்ளைப் புகை கக்கியபோது எனக்குள் இருந்த மேதாவி விழித்துக்கொண்டான். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. குளிரில் கிளம்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விரல் நீளக் கம்பி ஒன்று சிவக்கச் சூடாகி அனல் ஏற்ற வேண்டும். அதுதான் குளோ பிளக். நான்கில் ஒன்று போயிருக்கும், கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மரையில் ஏறிய எதையும் இறக்கத் தெரிந்தவன் நான். பதினைந்து வருடமாக அதைத்தானே செய்கிறேன்.

இன்ஜின் சில்லென்று கிடந்தது. மூன்றாவது பிளக்கில் பைப் ரிஞ்சைப் போட்டு, துருப்பிடித்த குழாயைத் திருப்புகிற மாதிரி முழு பலத்தையும் கொடுத்தேன். ‘கடக்’ என்றது. பிளக்கின் தலை, நடுக்கம்பியை உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு செய்ததை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. கைப்பழக்கத்தில், குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பைத் தலைக்குக் கீழே நாலு சுற்றுச் சுற்றினேன். பழையபடி உள்ளே செருகினேன். ஆடாமல் நிற்கிறதா என்று தட்டிப் பார்த்து, ஒயரை மாட்டி, மேல் மூடியைப் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு முழுப் பிளக்தான்.

டீச்சர் திரும்பி வந்தார். மறுநாளே ஆயில் மாற்ற வண்டியைப் பட்டறைக்கு விட்டார். ஆயில் மாற்றியவர் பொறுமை அண்ணன். எதையும் அவசரப்படாமல் செய்கிறவர் என்பதால் பட்டறையில் வைத்த பெயர் அது. மூன்றாம் நாள் விடிகாலையில் கடும் பனி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று டீச்சர் கிளம்ப, வண்டி அசையவே இல்லை. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய முறை தாண்டிவிட்டது. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அதுவரைக்கும் அந்த அம்மாவுக்குச் சுவரைத் தடவித்தான் நடை.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அங்கே மூடியைத் திறந்தால் மூன்றாவது பிளக்கின் தலை ஆடியது. கடைசியாக இன்ஜினில் கை வைத்தது பொறுமை அண்ணன். “பிளக்கை நான் தொடவே இல்ல முதலாளி” என்று அவர் சொன்னார். உடைத்ததும் இல்லாமல் பொய் வேறா என்று முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டீச்சருக்கு மனசு கேட்காமல் அண்ணியிடம் வந்தார். “பத்து வருஷமா என் வண்டியைப் பாக்குறாரு. அவரு பொய் சொல்றாருன்னும் நம்ப முடியல, சொல்லலைன்னும் நம்ப முடியல” என்றார். இப்படித்தான் வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

ஐந்தாம் நாள் காலை அண்ணி முன்னறை மேஜையில் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

“தம்பி, வண்டி எந்த நாள் எங்க இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன். சத்தமா படி.”

படித்தேன். “திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நம்ம வீடு. ஆறு நாளும் டிக். ஞாயிறு டீச்சர் ஓட்டினாங்க. அடுத்த திங்கள் பட்டறை.”

“டிக் போட்டதை விட்டுடு. நம்ம ஷெட்ல பூட்டி இருந்தது, அதுல பாக்க ஒண்ணும் இல்ல. அந்த அடுத்த திங்கள்தான் விஷயம்.”

சாவி அந்த ஆறு நாளும் என் சட்டைப் பையில் இருந்தது. அண்ணி அதைக் கேட்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற மூளை, வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டது.

“என்னடா, நாலு நாளா ஒரு கடி ஜோக்கும் வரல?”

“சரக்கு தீந்துடுச்சு அண்ணி. லாரி வரணும்.”

“வரட்டும். இன்னைக்குப் பிளக்கை வெளிய எடுக்கப் போறாங்க. யாரு எடுக்குறா தெரியுமா? பொறுமை. அவரே வந்து கேட்டிருக்காரு. பத்திரமா வெளிய வந்தா வேலை உண்டு, நுனி ஒடஞ்சு உள்ள விழுந்தா இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு.”

“ஒடச்சவர் கையிலயே மறுபடியும் குடுக்குறாங்களா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அண்ணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஒடச்சவர்னு முடிவே பண்ணிட்டியா?”

“பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி.”

“பேச்சுக்குக்கூடச் சொல்லாத. பையை எடு.”

பையை எடுத்தேன். என்னை நானே அறைந்துகொள்ள ஒரு கை காலியாக இல்லை என்பதுதான் குறை.

பட்டறையில் வண்டி நடுவில் நின்றது. பொறுமை அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு, கருவிகளைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஆராயத் தொடங்கினேன்.

அண்ணி முதலில் உடைந்த தலையை இடுக்கியால் பிடித்து எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். “இது என்கிட்ட இருக்கட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றார்.

முதலாளிக்கு அவசரம். “டிரில்லைப் போட்டு இழுக்க வேண்டியதுதானே?”

“சூடாகட்டும் முதலாளி. பச்சையா இழுத்தா மறுபடியும் ஒடையும். பிளக்கைச் சுத்திப் புகைக் கரி இறுகிக் கிடக்கும். நேத்தே எண்ணெய் விடச் சொல்லியிருந்தேன், ஊறியிருக்கும்” என்றார் பொறுமை அண்ணன்.

ஆக, சூடு. நான் மறந்தது அதுதான். மறந்தது என்ன, எனக்குத் தெரியவே தெரியாது. மதிய வெயிலில் வண்டி இரண்டு இழுப்பில் கிளம்பியது. அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்தார். பிறகு டிரில் நுனியில் கிரீஸைத் தடவினார்.

“கிரீஸ் எதுக்கு?” என்று அண்ணி கேட்டார்.

“இரும்புத் தூள் அதுல ஒட்டிக்கும் மேடம். ஒரு துணுக்கு உள்ள விழுந்தாலும் பிஸ்டன் போயிடும். யாராவது லைட் பிடிங்க.”

லைட் என் கைக்கு வந்தது. தலையில்லாத பிளக்கின் நடுவில் அவர் துளையைப் பெரிதாக்கினார். இரண்டு சுற்று, வெளியே எடுத்துத் துடைப்பு, மறுபடி கிரீஸ், மறுபடி இரண்டு சுற்று.  

“தம்பி, ஆட்டாதீங்க. நிழல் விழுது.”

“சாரி அண்ணே.”

அந்த ‘சாரி’ எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது.

இதற்குள் அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்து, காகிதத்தில் இருந்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் இடது புருவம் மேலே போனது. அது போனால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

“முதலாளி, உங்க பட்டறையில பிளக்கை எதால கழட்டுவீங்க?”

“நீளமான பாக்ஸ் ஸ்பானர். ஏன்?”

“அது ஆறு பக்கமும் ஒரே மாதிரி கவ்வும். இங்க பாருங்க, ரெண்டு பக்கம் மட்டும் வரிவரியாப் பல்லுத்தடம். நாய் எலும்பைக் கடிச்ச மாதிரி. பல்லு வச்ச கருவி எது? தம்பி, நீ சொல்லு.”

“பைப் ரிஞ்ச்” என்றேன். பொய் சொல்ல நினைத்திருந்தால்கூட அந்த நேரத்தில் வேறு பெயர் வந்திருக்காது.

“கரெக்ட். இப்ப இதைப் பாரு.” இடுக்கி நுனியில் கருகிப்போன ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. “இது என்ன? இந்த விஷயத்துல நீதான் எக்ஸ்பர்ட்.”

 “மரையில சுத்துற டேப் அண்ணி. எங்க ஆளுங்க சுத்துறது.”

“அதான். இன்ஜின்ல மரைக்கு எவனும் இதைச் சுத்த மாட்டான். இது தண்ணி கசிஞ்சுடுமேன்னு பயப்படுறவன் கை. மெக்கானிக் இதைச் செய்யல முதலாளி. குழாய்க்காரர் ஒருத்தர் செஞ்சிருக்காரு.”

பொறுமை அண்ணனின் கை ஒரு கணம் நின்றது. திரும்பவில்லை. மூச்சை ஒரு தடவை நீளமாக விட்டுவிட்டு மறுபடி குனிந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு லைட்டைப் பிடித்திருந்த எனக்குக் காது மடல் வரை சுட்டது. இப்போதாவது சொல்லு என்று எனக்குள் ஒருவன் சொன்னான். இன்னொருவன், அவர்தான் தப்பிவிட்டாரே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்றான். இரண்டாமவன் எப்போதும் நன்றாகப் பேசுவான்.

முதலாளி தொடையில் தட்டினார். “குழாய்க்காரரா? மேடம், அந்தத் திங்கக்கிழமை வண்டி கழுவுற இடத்துல லைன் மாத்த ஒருத்தர் வந்தாரு. தபால் ஆபீஸ் பக்கத்து மீசைக்காரர். சாப்பாட்டு நேரத்துல ரெண்டு மணி நேரம் தனியாத்தான் இருந்தாரு. வண்டி இதே இடத்துல நின்னுச்சு.”

மீசைக்காரரை எனக்குத் தெரியும். என் கையில் வேலை இல்லாத மாதங்களில் தனக்கு வந்த வேலையில் பாதியை எனக்கு அனுப்புகிறவர். காரின் முன்மூடியை எப்படித் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அண்ணி கைப்பேசியை எடுத்தார். “நம்பர் சொல்லுங்க.”

“நேரா ஆளையே கூப்பிடுறேன். நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேப்போம்” என்றார் முதலாளி. நான்கு நாளைக்கு முன் பொறுமை அண்ணனைக் கேட்டபோது இருந்த அதே குரல்.

நான் வாயைத் திறந்தேன். ஆனால் பேசியது பொறுமை அண்ணன்.

“மேடம், அவரு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லாப் பாத்துக்குங்க. நான் தப்பிக்கணும்னு இன்னொருத்தரை இழுத்து விட்டதா ஆயிடக் கூடாது. பேரு கெட்டா என்ன ஆகும்னு நாலு நாளா பாத்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே துளைக்குள் மரை வெட்டி முடித்து, ஒரு போல்ட்டை ஏற்றினார். போல்ட்டோடு ஒரு நீளக் கம்பி. கம்பியில் மேலும் கீழும் ஓடுகிற இரும்புக் குண்டு ஒன்று. குண்டை மேல் நோக்கி வீசி ‘டொக்’ என்று நிறுத்தினார். அசையவில்லை. மறுபடி டொக்.  பதினோராவதோ பன்னிரண்டாவதோ தட்டில் ஏதோ இளகியது. அவர் குண்டை விட்டுவிட்டுக் கம்பியை இரண்டு விரலால் பிடித்து, மயிலிறகை உருவுகிற மாதிரி மெல்ல மேலே எடுத்தார்.

பிளக் வந்தது. கரி பூசி, கறுத்து, மெலிந்து, நுனி வரைக்கும் முழுசாக வந்தது.

முதலாளி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.  பொறுமை அண்ணன் துணியில் கையைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து என்னைக் கேட்டப்போ, நீங்க மட்டும் ஒரு வார்த்தை பேசல. ஓரமா நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. என்னை நம்புன ஆளு ஒருத்தராவது இருக்காருன்னு வீட்ல போய்ச் சொன்னேன்.”

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லியிருப்பேன். இது இரண்டிலும் சேரவில்லை. லைட்டைக் கீழே வைத்தேன்.

“நான்தான் ஒடச்சேன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து மூலையில் காற்றடிக்கும் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. ஒருவர் காதிலும் விழவில்லை. அண்ணி கைப்பேசியில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலாளி பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன மாதிரியும் ஆயிற்று, கேட்காத மாதிரியும் ஆயிற்று, அப்படியே விட்டுவிடலாம். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க இனி என்ன இருக்கிறது.

மெஷின் நிற்கும் வரை காத்திருந்தேன்.

“அண்ணி, மீசைக்காரரைக் கூப்பிடாதீங்க. நான்தான் ஒடச்சேன். நம்ம ஷெட்ல. டீச்சர் ஊர்ல இல்லாதப்போ. டேப்பைச் சுத்தி மறைச்சு வச்சதும் நான்தான்.”

முதலாளி ஏதோ கெட்ட வார்த்தையைத் தொடங்கி, அண்ணி இருப்பதைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். அண்ணி என்னைத் திட்டவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டார். நோட்டைத் திறந்து, ஆறு டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இருபது வருடத்தில் அண்ணியின் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை.

“சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு ஒரே ஒரு கேள்வி. அதை நான் கேக்கல” என்றார். பிறகு பொறுமை அண்ணனைப் பார்த்துக் கை குவித்தார். “ஊரெல்லாம் தேடினேன். என் வீட்டு ஆளுங்கிறதால பக்கத்துல நின்னவனைப் பாக்கல. அந்தத் தப்பு என்னோடது.”

பொறுமை அண்ணன் என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்தார். நம்பிய முகம் எப்படி மாறும் என்று அதுவரை நான் நேரில் கண்டதில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் யார் என்று அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

“அப்ப அன்னைக்குத் தலையைக் குனிஞ்சது இதுக்குத்தானா?” என்றார்.

“ஆமாண்ணே.”

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு வேலைக்கு வந்துடு பொறுமை” என்றார்.

“வரேன் முதலாளி. இப்ப வீட்டுக்குப் போகணும். இவரும் கூட வரணும்.” என் பக்கம் கையைக் காட்டினார். “என் வீட்டுக்காரி நாலு நாளா ஒரே கேள்விதான் கேக்குறா. உண்மையைச் சொல்லிடுங்க, நீங்கதானே ஒடச்சீங்கன்னு. இல்லைன்னு நான் சொன்னா அவ நம்பல. நீங்க வந்து சொல்லுங்க.”

“வரேன்” என்றேன்.

“அங்க முடிச்சுட்டு டீச்சர் வீடு. அவங்க அம்மா முன்னாடி நின்னு நீயே சொல்லணும். நான் பக்கத்துல வர மாட்டேன்” என்றார் அண்ணி. பையை என்னிடம் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பொறுமை அண்ணன் வீடு பட்டறையிலிருந்து மூன்று தெரு தள்ளி. மூன்று தெருவும் அவர் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் அவர் நடை வேகமானது. பொறுமை என்று பெயர் வாங்கியவரை வேகமாக நடக்க வைத்த பெருமை என்னுடையது.

கதவைத் திறந்த அவர் மனைவியின் கையெல்லாம் சோப்பு நுரை. கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பட்டறையிலேர்ந்து வந்திருக்காரா? உள்ள வாங்க” என்று நகர்ந்து வழிவிட்டார். உள்ளே போகவில்லை நான். வாசலிலேயே நின்று சொன்னேன். ரிஞ்ச் போட்டது, உடைந்தது, டேப் சுற்றியது, நான்கு நாள் சும்மா இருந்தது, எல்லாம் சொன்னேன். இடையில் ஒரு இடத்திலும் சிரிப்பு மூட்டும் வார்த்தை எதுவும் என் வாயில் வரவில்லை.

என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்தார். கண் நிறைந்து வந்தது. நுரை சொட்டுகிற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்தார்.

“நான் நம்பலையே” என்றார். “நாலு நாளா அதையே கேட்டுக் கேட்டு உங்களைச் சாப்பிடக்கூட விடலையே.”

“விடு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றப்போ நீ மட்டும் என்ன செய்வ?” என்றார் பொறுமை அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மனைவியின் தோளில் கை வைத்தார்.

அவர் மனைவி செய்யாத தப்புக்கு வெட்கப்பட்டு நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். பொறுமை அண்ணன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.